தொழுவத்து இளவேனில்



வசந்தம் என்பது தமிழ்க் கவிதையில் மிகுதியாகப் புழங்கித் தேய்ந்துவிட்ட சொற்களுள் ஒன்று. தென்றலும் குயிலும் மாந்தளிரும் அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். சித்திரை, வைகாசியாகிய இளவேனில் தமிழ்நாட்டில் வெயில் ஏறும் காலம். கிணற்றில் நீர் இறங்கும் காலம். ஆடுமாடுகள் பச்சைக்கு ஏங்கும் காலம். கவிதையில் வரும் வசந்தமோ இவற்றுள் எதையும் அறியாதது. அது பெரும்பாலும் வேறு கவிதைகளிலிருந்து பெயர்த்து நடப்பட்டது. இவ்வாறு கூறுவது இந்த அவையில் சிலருக்கு வருத்தம் தரலாம். பத்தாண்டு நிறைவு காணும் ஒரு வட்டத்தில் இத்தகைய வருத்தங்களுக்கும் இடம் இருக்கவே செய்யும்.

இன்றைய உரை, வசந்தத்தைத் தன் கையாலும் முதுகாலும் அறிந்த ஓர் எழுத்தாளரைப் பற்றியது. அவர் அமெரிக்க உரைநடையாளர் எல்வின் புரூக்ஸ் வைட். ஈ. பி. வைட் என்றே உலகம் அவரை அறியும். 1899-ஆம் ஆண்டு பிறந்து 1985-ஆம் ஆண்டு மறைந்தவர். 'தி நியூயார்க்கர்' இதழின் தொடக்கக் காலத்திலிருந்து அதில் எழுதிப் பெயர் பெற்ற அவர், 1933-ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்தில் நார்த் புரூக்ளின் என்னும் சிற்றூரில், கடலோரமாக ஒரு வீட்டையும் தொழுவத்தையும் சிறு நிலத்தையும் வாங்கினார். தமிழ் எழுத்தில் எழுதும்போது இந்தப் பெயர் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினோடு மயங்கும். இரண்டிற்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு. வாழ்க்கை முறையில் அதைவிடப் பெரிய தொலைவு. 1938-ஆம் ஆண்டு மனைவி கேத்தரினோடும் மகனோடும் அங்கே குடிபெயர்ந்தார். கோழி, செம்மறி, பெருவாத்து, பன்றி ஆகியவற்றை வளர்த்தபடி 'ஹார்ப்பர்ஸ்' இதழுக்கு மாதந்தோறும் கட்டுரை எழுதினார். அக்கட்டுரைகள் 1942-இல் 'ஒன் மேன்ஸ் மீட்' என்ற நூலாயின. 1943-இல் மீண்டும் நியூயார்க் சென்றார். ஆனால் பண்ணையை விடவில்லை. 1957-இல் நிலையாகவே அங்கே திரும்பினார்.

வைட் முழு உழவர் அல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. அவருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது எழுத்தின் வருவாயால். முட்டை விற்ற காசால் அன்று. கூலிக்கு வேலையாளும் வைத்திருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு ஓர் ஆடு செத்தால் அது இழப்பு. வைட்டுக்கு அது ஒரு கட்டுரையும் ஆகலாம். இந்த வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். தம்மைத் தாமே எள்ளிக்கொள்வது அவர் நடையின் இயல்பு. இருந்தும் தீவனவாளியைத் தூக்கியவர் அவர்தாம். இரவில் தொழுவத்துக்கு எழுந்து போனவரும் அவர்தாம்.

அந்த நாட்டின் இளவேனில் எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைப்பது தேவை. நார்த் புரூக்ளின் வடக்கே ஏறத்தாழ 44 பாகை அகலக்கோட்டில் உள்ளது. மார்ச் மாத இறுதியிலும் வயலில் பனி கிடக்கும். ஏப்ரலில் அது உருகி, மேல்மண் மட்டும் இளகி, அடிமண் இறுகியே கிடப்பதால் நீர் உள்ளே இறங்க வழியின்றி, பாதையெல்லாம் சேறாகும். அப்பகுதி மக்கள் இதற்குச் 'சேற்றுப் பருவம்' என்று தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள். ஆறு பருவங்களைப் பகுத்த தமிழ் மரபினருக்கு இந்தப் பெயரின் நேர்மை பிடிக்கவே செய்யும். ஆப்பிள் மரம் பூப்பதற்கு மே மாதம் பிற்பகுதி ஆகிவிடும். ஆக, அங்கே வசந்தத்தின் முதல் வடிவம் மலர் இல்லை, சேறு. அந்தச் சேற்றில்தான் குட்டிகள் பிறக்கின்றன.

அவை ஏன் அப்போது பிறக்கின்றன? பகற்பொழுதின் நீளத்தை விலங்கின் உடல் கணக்கிடுகிறது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகும்போது செம்மறி சினைக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம். எனவே குட்டி ஈனும் காலம் புல் முளைக்கும் காலத்தை ஒட்டி அமைகிறது. பெருவாத்து பகல் நீளத் தொடங்கும்போது முட்டையிடும். 'பெருவாத்து' என்று இங்கே குறிப்பது ஆங்கிலத்தில் கூஸ் எனப்படும் நீண்ட கழுத்துப் பறவையை. கவிஞர் மொழியில் இயற்கை விழித்தெழுவது என்று சொல்லப்படுவதெல்லாம், அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே இருளின் அளவால் முடிவு செய்யப்பட்டுவிட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குட்டி ஈனும் நாள்களில் பண்ணையில் உறக்கம் இல்லை. உறைகுளிர் இரவில் ஈரத்தோடு தரையில் விழும் குட்டி, தாய் நக்கி உலர்த்த, எழுந்து நின்று, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். குடிக்காத குட்டி விடியுமுன் விறைத்துவிடும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அந்தச் சீம்பாலில்தான் உள்ளது. குட்டியின் குடல் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது முதல் நாளில் மட்டுமே. ஆகவே, விளக்கை எடுத்துக்கொண்டு ஆள் போய்ப் பார்க்க வேண்டும். தாயற்ற குட்டி சமையலறை அடுப்பருகே பெட்டியில் கிடக்கும். புட்டியில் பால் குடிக்கும். ஆடு வளர்ப்போரிடம் வழிவழியாக ஒரு முறை உண்டு. ஓர் ஆட்டின் குட்டி இறந்து, வேறொரு குட்டி தாயை இழந்து நின்றால், இறந்த குட்டியின் தோலை உரித்து, உயிருள்ள குட்டிக்குச் சட்டை போல மாட்டி, இழந்த தாயிடம் விடுவார்கள். தன் குட்டியின் மணத்தை முகர்ந்து தாய் அதற்குப் பால் கொடுக்கும். சில நாள் சென்றபின் தோலைக் கழற்றிவிடலாம். அதற்குள் தாய் புதிய குட்டியைத் தன்னுடையதாகக் கொண்டிருக்கும். இது ஏமாற்று, இதுவே இரக்கமும் கூட. வசந்தத்தை எழுத விரும்பும் கவிஞர் இந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியலை நினையாமல் இருக்க முடியவில்லை. ஆட்டின் இளமைக்கு மறி, பன்றியின் இளமைக்குக் குருளை, பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரை அது வகுத்துரைக்கிறது. வகுப்பறைகளில் இந்நூற்பாக்கள் மனப்பாடப் பகுதியாகவே போய்விடுகின்றன. முற்றத்தில் குட்டிகளைக் கண்டு, எது எதனுடையது என்று பிரித்தறிய வேண்டிய வாழ்க்கை இருந்ததால்தான் இத்தனை பெயர்கள் தோன்றின. 'குட்டி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இன்று நடத்திவிடுகிறோம் என்றால், சொல் மறைவதற்கு முன்பே முற்றம் மறைந்துவிட்டது என்று பொருள்.

கோழிக்குஞ்சுகளின் செய்தி வேறு. அமெரிக்காவில் ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அஞ்சலில் அனுப்பும் வழக்கம் 1918-ஆம் ஆண்டு முதல் உண்டு. முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால், ஏறத்தாழ மூன்று நாள் வரை உணவும் நீரும் இன்றி அது தாங்கும். ஓட்டைகள் இட்ட அட்டைப்பெட்டிக்குள் கீச்சொலியோடு வசந்தம் அஞ்சலகத்துக்கு வந்து இறங்கும். அங்கிருந்து கொண்டுவந்து, தாய்க்கோழிக்கு மாற்றாக வெப்பம் தரும் புரூடர் அடுப்பின் கீழே விட வேண்டும். முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அடுப்பு அணைந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும்.

1941-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வைட் எழுதிய 'வசந்தம்' என்ற கட்டுரையில் இந்த அடுப்பு வருகிறது. அந்த மாதம் எத்தகையது? ஏப்ரல் 6-ஆம் நாள் ஜெர்மனி யூகோஸ்லாவியாவின் மீதும் கிரேக்கத்தின் மீதும் படையெடுத்தது. இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில்தான் இறங்கியது. உலகம் பற்றி எரியும்போது ஒருவர் கோழிக்குஞ்சுகளின் அடுப்பைப் பற்றி எழுதுவது தகுமா? வைட்டுக்கே அந்தக் கூச்சம் இருந்தது. காலத்துக்கு ஒவ்வாத பேச்சு என்பதை ஒப்புக்கொண்டே, முட்டையிலும் அதன் உள்ளடக்கத்திலும் அடுப்புக் கனலிலும் தமக்குள்ள நம்பிக்கையை அவர் அறிவித்தார். அவர் போரை மறந்தவர் அல்லர். அதே நூலில் பாசிசத்துக்கு எதிராகவும் விடுதலை குறித்தும் அழுத்தமாக எழுதியிருக்கிறார். தொழுவத்தையும் போரையும் ஒரே பக்கத்தில் வைக்க முடிந்ததற்குக் காரணம், அவர் தொழுவத்தை ஒளிந்துகொள்ளும் இடமாகக் கொள்ளவில்லை. அங்கேயும் சாவு இருந்தது. அந்தச் சாவில் அவருக்கும் பங்கு இருந்தது.

இனிப் பன்றிக்கு வருவோம். உரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அப்பகுதிச் சிறு பண்ணைகளில் இளவேனிற்காலத்தில், மரங்கள் பூக்கும் வேளையில், பால்மறந்த பன்றிக் குருளை ஒன்றை வாங்குவார்கள். கோடை முழுவதும் சமையலறைக் கழிவும் கொழுப்பு நீக்கிய பாலும் தீவனமும் இட்டு வளர்ப்பார்கள். அது வளர்ந்து நூறு கிலோ அளவை எட்டும்போது குளிர் இறுகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. இறைச்சியை உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்தக் குளிர்காலமே ஏற்றது. பனிக்காலத்தில் தீனி போட்டுக் காப்பதும் செலவு. ஆகவே, வசந்தத்தில் வாங்கும்போதே பன்றியின் சாவுநாள் ஏறத்தாழக் குறிக்கப்பட்டுவிடுகிறது. பூக்கும் மரத்தின் கீழே நடக்கும் அந்தக் கொள்முதலுக்குள் கத்தி இருக்கிறது. இதை அறிந்துகொண்டே ஒவ்வொரு காலையும் வாளியோடு போய், அதன் காதைச் சொறிந்துவிட்டு, அது உண்பதைக் கண்டு மகிழ்ந்து நிற்பவரின் மனம் எத்தகையது என்பதே வைட்டின் கேள்வி.

1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் வளர்த்த பன்றி தீனி மறுத்தது. கொல்வதற்காக வளர்க்கப்பட்ட அந்த விலங்கைக் காப்பாற்ற அவர் பல இரவுகள் விழித்திருந்தார். மகனின் துணையோடு அதைத் தலைகீழாகப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினார். கால்நடை மருத்துவரை அழைத்தார். எரிசிபெலாஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. பன்றி பிழைக்கவில்லை. காட்டு ஆப்பிள் மரத்தருகே குழி தோண்டிப் புதைத்தார்கள். பிரெட் என்னும் அவருடைய நாய், இந்த அடக்கத்துக்குத் தானே தலைமை ஏற்றது போல உடன் சென்றது. 1948 ஜனவரியில் 'அட்லாண்டிக்' இதழில் 'ஒரு பன்றியின் மரணம்' என்னும் கட்டுரை வெளிவந்தது. ஆங்கில உரைநடையின் சிறந்த கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் வைத்து எண்ணப்படுகிறது.

அக்கட்டுரையில் வைட் கையாளும் உருவகம் நாடகம். பன்றி வளர்ப்பு என்பது தொடக்கமும் நடுவும் முடிவும் வகுக்கப்பட்ட பழைய துன்பியல் நாடகம். எல்லாரும் தம் பாத்திரத்தை அறிந்தவர்கள். கொலை திட்டமிட்டது, ஆனால் விரைவானது, அதன்பின் வரும் புகையூட்டிய இறைச்சி ஒரு சடங்கு முடிவு. அந்த ஆண்டு நாடகம் தடம் புரண்டது. பன்றி தன் பாத்திரத்தை விட்டு விலகி நோயாளியாயிற்று, கொலைஞர் செவிலியரானார். நகைச்சுவையாகவே கட்டுரை நகர்கிறது; எனிமா கொடுக்கும் இடத்தில் சிரிக்காதவர் இருக்க முடியாது. சிரித்துக்கொண்டே போகிறவரை அது ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. இறைச்சி போயிற்றே என்ற வருத்தம் அவரிடம் இல்லை. தம்மோடு ஒரே உலகில் துன்புற்ற ஓர் உயிர் போயிற்றே என்பதுதான் வருத்தம். அப்படியானால், அது நோயுறாமல் இருந்து அவர் கையாலேயே வெட்டுண்டிருந்தால் அந்த வருத்தம் எங்கே போயிருக்கும்? கட்டுரை இதற்கு விடை சொல்வதில்லை. விடை சொல்லியிருந்தால் அது அறவுரையாகி இருக்கும்.

விடை வேறு வடிவில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1952 அக்டோபரில் வெளியான 'சார்லட்டின் வலை' என்ற சிறுவர் நாவலே அது. ஒரு பன்றியின் உயிரைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்ததாக வைட்டே பின்னர் எழுதினார். அந்நிலையில், தீவனவாளியோடு தொழுவத்துக்குப் போன அவர் கண்ணில் ஒரு பெரிய சாம்பல்நிறச் சிலந்தி பட்டது. இலையுதிர் காலத்தில் அது முட்டைப்பை நெய்வதைக் கண்டார். அந்தப் பையை அறுத்தெடுத்து, காற்றுப்போக ஓட்டையிட்ட வெற்று மிட்டாய்ப் பெட்டியில் வைத்து, நியூயார்க் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியின் மேல் வைத்தார். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான சிலந்திக்குஞ்சுகள் ஓட்டைகள் வழியே வெளியேறி, சீப்புக்கும் தூரிகைக்கும் கண்ணாடிக்கும் இடையே நூலிழைகளைக் கட்டின. அறையைத் துப்புரவு செய்யும் பெண்மணிக்கு அங்கே வேலை செய்வது இயலாததாயிற்று. அதுவரை அவர் அவற்றைக் கலைக்கவில்லை.

கதையை இங்கே பலர் அறிந்திருக்கலாம். தொடக்கம் இளவேனிற்கால விடியல். ஈற்றில் பிறந்த நோஞ்சான் குருளையைக் கொல்ல அப்பா கோடரியோடு போகிறார். எட்டு வயது மகள் ஃபெர்ன் தடுக்கிறாள். புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறாள். ஐந்து வாரம் ஆனபின் அது ஆறு டாலருக்கு மாமன் ஸக்கர்மனின் தொழுவத்துக்குப் போகிறது. குளிர்காலத்தில் தனக்கு என்ன நேரும் என்பதை வில்பர் என்னும் அந்தப் பன்றி ஒரு கிழட்டு ஆட்டின் வாயால் அறிகிறது. சார்லட் என்னும் சிலந்தி தன் வலையில் எழுத்துகளை நெய்து, மனிதரை வியக்கவைத்து, அதன் உயிரைக் காக்கிறது. கேட்பதற்கு இனிய கற்பனையாகத் தோன்றும். ஆனால் கற்பனை ஓரிடத்தில்தான் அனுமதிக்கப்படுகிறது. வலையில் எழுதுவதும் விலங்குகள் பேசுவதும் அவ்வளவே. மற்ற அனைத்திலும் வைட் தொழுவத்துக்கு உண்மையாக இருந்தார். சிலந்தி ஈயின் இரத்தத்தை உறிஞ்சுகிறது, அதைக் கேட்டு வில்பர் அருவருக்கிறது, சிலந்தி வருந்தவில்லை. சிலந்தியின் காலில் ஏழு கணுப்பகுதிகள் உண்டு என்பதைச் சார்லட்டே பெயர் சொல்லி எண்ணுகிறாள். அவளுடைய முழுப்பெயரான சார்லட் ஏ. காவட்டிகா, 'அரானியஸ் காவட்டிகஸ்' என்னும் தொழுவச் சிலந்தி இனத்தின் அறிவியற்பெயரிலிருந்து வந்தது. வைட் சிலந்தியியல் அறிஞர் வில்லிஸ் கெர்ட்ஷின் நூலைப் படித்தார். ஓவியர் கார்த் வில்லியம்ஸ் சிலந்திக்குப் பெண்முகம் வரைந்தபோது வைட் அதை ஏற்கவில்லை.

பெருவாத்துகளின் பகுதி தனியே நின்று பார்க்கத்தக்கது. எட்டு முட்டைகள், ஏறத்தாழ முப்பது நாள் அடை, ஏழு பார்ப்புகள் வெளிவருகின்றன. எட்டாவது கூமுட்டை. அதை டெம்பிள்டன் என்னும் எலி கேட்டு வாங்கி உருட்டிச் சென்று தன் வளையில் சேர்த்துவைக்கிறது. வாசகர் இதை மறந்திருக்கும் வேளையில், ஃபெர்னின் தமையன் சிலந்தியைப் பிடிக்க வந்து இடறி விழ, அந்த முட்டை உடைந்து நாற்றம் கிளம்ப, அவன் ஓடிவிடுகிறான். சார்லட் பிழைக்கிறாள். பொரிக்காத முட்டையும் தொழுவத்தில் ஒரு வேலை செய்கிறது. ஏழு பார்ப்புகளின் மகிழ்ச்சியைப் பாடும் கவிஞர்கள் பலர் உண்டு. எட்டாவது முட்டையைக் கதை முடியும்வரை நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

ஆனால் சார்லட் வேறு விதத்தில் பிழைக்கவில்லை. தொழுவச் சிலந்தியின் பெண் இனம் இலையுதிர் காலத்தில் முட்டையிட்டு, குளிர் வருமுன் மடியும். இயற்கையின் அந்தக் கணக்கை வைட் மாற்றவில்லை. பன்றிக்கு விதிக்கப்பட்டிருந்த இலையுதிர்காலச் சாவு பன்றியை விட்டு நீங்கியது. ஆனால் கதையை விட்டு நீங்கவில்லை. கண்காட்சித் திடலில், கூட்டமெல்லாம் கலைந்தபின், ஆளற்ற கொட்டகையில் சார்லட் இறக்கிறாள். அவளுடைய தனிமையை அறிவிக்கும் சொற்றொடர் மிகச் சிறியது; குழந்தைக்கும் புரியும் சொற்களால் ஆனது. 514 முட்டைகள் கொண்ட பையை வில்பர் தன் வாயில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறது. குளிர்காலம் முழுவதும் தன் மூச்சால் அதற்கு வெப்பம் தருகிறது. மீண்டும் இளவேனில் வருகிறது. குஞ்சுகள் வெளிவந்து, ஒவ்வொன்றும் ஒரு நூலிழையைக் காற்றில் விட்டு, அதைப் பற்றிக்கொண்டு பறந்துபோகின்றன. இதுவும் கற்பனை இல்லை. சிலந்திகள் பரவும் முறையே அது. மூன்று மட்டும் தங்குகின்றன. வில்பர் அந்த மூன்றையும் நேசிக்கிறது. ஆனால் சார்லட்டின் இடத்தை எவையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று வைட் தெளிவாகவே எழுதினார்.

முதல் வரைவை 1951-இன் தொடக்கத்தில் முடித்த வைட், அதை ஏறத்தாழ ஓராண்டு ஒதுக்கிவைத்தார். அவ்வரைவில் ஃபெர்ன் இல்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் சிறுமியையும் அந்தக் கோடரியையும் முன்னே சேர்த்தார். இன்று கதையின் முதற்காட்சியாக உலகம் அறிந்தது, கடைசியில் எழுதப்பட்டது. கவிதை அச்சேறும் நாளை எண்ணிக் காத்திருப்போர் இதைக் கவனிக்கலாம். அதுமட்டுமன்று. ஃபெர்ன் கதையின் முடிவில் தொழுவத்தை மறந்துவிடுகிறாள். கண்காட்சியில் ராட்டினத்தில் தன்னோடு சுற்றிய சிறுவனையே எண்ணிக்கொண்டிருக்கிறாள். குருளையின் உயிருக்காகக் கோடரியைப் பற்றி இழுத்த கை அது! மனித அன்பின் இந்த மறதியைக் குறைகூறாமல், அழுது புலம்பாமல், பருவம் மாறுவது போல எழுதியது பெரிய துணிவு.

முதுமையிலும் வைட் தொழுவத்தின் வசந்தத்தை விட்டு விலகவில்லை. 1971-இல் 'பெருவாத்துகள்' என்னும் கட்டுரை எழுதினார். அவருக்கு 72 வயது நிரம்பும் வேளை. பார்ப்புகள் வெளிவந்த பருவத்தில் இளைய ஆண்வாத்து கிழ ஆண்வாத்தோடு பொருது வென்றது. தோற்றது வெயிலில் தனியே போய் அமர்ந்திருந்ததைக் கண்டு எழுதிய பக்கங்களில், தம்மையும் கிழவாத்தையும் ஒப்பிடும் ஆசை அவருக்கு வருகிறது, மறைக்கவில்லை. மனைவி கேத்தரின் 1977-இல் மறைந்தார். அவருடைய தோட்டக் கட்டுரைகளை 1979-இல் நூலாக்கியபோது வைட் முன்னுரை எழுதினார். நோயுற்ற முதிய பெண்மணி, இலையுதிர்காலக் குளிர்நாளில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பணியாள் மண்ணில் கிழங்குகளை நடுவதைப் பக்கத்தில் அமர்ந்து நடத்தும் காட்சி அதில் உண்டு. மலரும் நாளில் தாம் இருப்போமா என்பது தெரியாத நிலையில் நடப்படும் வசந்தம் அது.

1970-ஆம் ஆண்டு 'சார்லட்டின் வலை'யை ஒலிப்பதிவு செய்ய வைட்டையே படிக்கச் செய்தார்கள். நடிகர் எவரும் வேண்டாம், எழுதியவர் குரலே போதும் என்பது முடிவு. அலங்காரம் இல்லாத குரல். பாத்திரத்துக்குப் பாத்திரம் தொனி மாற்றாத குரல். தொழுவத்தின் மணத்தை எண்ணிச் சொல்லும் பகுதிகளை அவர் இயல்பாகப் படித்தார். சார்லட் இறக்கும் பகுதி வந்தபோது அவரால் படிக்க முடியவில்லை. இறக்கப்போவது ஒரு சிலந்தி என்பதும், அதை எழுதியவர் தாமே என்பதும், எழுதிப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்பதும் அவருக்குத் தெரியும். தொண்டை அடைக்கும், நிறுத்துவார், எழுந்து வெளியே போய் நடந்துவிட்டு வருவார், மீண்டும் தொடங்குவார். 17 முறை படித்த பிறகே அந்தப் பகுதி பதிவாயிற்று. இன்று ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் கேட்கக் கிடைப்பது அந்தப் பதினேழாம் முறையின் குரல்.